வீடு வேற, கிரவுண்டு வேற

கொஞ்சம் தள்ளி உக்காரு தங்கச்சி, இந்தச் சட்டி ஓரம் வெட்டும். மீனெல்லாம் மார்க்கட்டுலயே போயிட்டு, இது வெறுஞ்சட்டி. வாட ஒரு அஞ்சு நிமிசம் அடிக்கும், பெறவு பழகிரும்.

அதென்ன போன்ல, பந்தா? நானும் பாக்கேன், இப்படித் திருப்பு. இந்தச் செவப்புச் சட்டக்காரன் தோக்கானா? எத்தன மேட்சா? ஆறா! கோச்ச மாத்தச் சொல்லிக் கத்துதாவளா? கத்துவாவ, கத்துவாவ. எந்த ஊருன்னாலும் அப்படித்தான். நானும் ஒரு கோச்ச மாத்துனவதான். என் வாயாலதான் மாத்துனேன். அந்தக் கோச்சு என் வீட்டுக்காரரு.

சிரிக்காத. வீடு வேற, கிரவுண்டு வேற. இதச் சொன்னா எங்க ஊர்ல ஒருத்தருக்கும் வெளங்க மாட்டேங்கு.

எங்க ஊரு செபஸ்தியார்பட்டினம். இந்தப் பஸ்ஸுல திருச்செந்தூருக்கு முன்னாலயே எறங்கி உள்ள போகணும். செபஸ்தியார் கால்பந்துக் கழகம்னு டீம். சுத்துல பன்னெண்டு ஊரு, பன்னெண்டு டீம், ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலு மணிக்கு மேட்சு. ஆளுக்குப் பதினோரு மேட்சு. கடைசியில வாறவன் அடுத்த வருசம் பி டிவிசனுக்குப் போயிரணும். அங்க யாரு ஆடுதான்னு கேளு. ஐஸ் கம்பெனி டீமு ஒண்ணு. கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறுதவன் டீமு ஒண்ணு. அவனுவகூட எங்க ஊரு ஆடவா? அதுக்குக் கடல்லயே கெடந்துரலாம்.

இந்த வருசம் ஏழு மேட்சு ஆடுனோம், ஏழும் தோத்தோம். எங்க கோயில் செபஸ்தியார் மேல ஒம்பது அம்பு தச்சிருக்கும். நாங்க வாங்குன கோலு இருவத்தாறு. சாமியே எங்களப் பாத்து உச்சுக்கொட்டுத நெலம.

கோச்சு என் வீட்டுக்காரரு, தொபியாஸ் மாஸ்டர். பள்ளிக்கூடத்துல பி.டி. மாஸ்டரா இருந்து ரிட்டேர் ஆனவுக. முப்பது வருசம் விசில் ஊதி ஊதி, வாய்ப்பேச்சு கொறஞ்சிட்டு. ஒரு வார்த்த சொல்லுவாவ, அதையும் பாதியில நிறுத்திருவாவ.

கோல்ல நிக்கது எந்தம்பி கஸ்பார். முப்பத்தெட்டு வயசு. தம்பின்னு நான் பேசல, அத இப்பமே சொல்லிருதேன். ஆட்டத்தப் பாத்துத்தான் பேசுதேன். அவனுக்குக் கழுகுக் கண்ணு. சின்னதுலேருந்து நான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் வாறேன்.

மொத மேட்சுல பந்து வலப்பக்கம் வந்துச்சு. இவன் எடப்பக்கம் பாஞ்சான். எப்படிப் பாஞ்சான் தெரியுமா! கோயில் சொவத்துல றெக்க வச்ச சம்மனசு பறக்கும்லா, அப்படி. ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சிட்டான். பிடிச்சது காத்துல வந்த வெள்ளப் பிளாஸ்டிக் பை. இதுல தப்பு யாரு மேல? கிரவுண்டக் கூட்டாதவன் மேல.

மூணாவது மேட்சுல நல்லாப் பந்தப் பிடிச்சு, எதிராளி காலப் பாத்து அவனே உருட்டி விட்டான். அவனுவ நீலம், நாங்க பச்ச. வெயில்ல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும். பச்சத் துணி எடுத்துத் தச்சவன் தார்சிஸ் டெய்லரு. அவன்ட்டல்லா கேக்கணும்?

அஞ்சாவது மேட்சுல கோலுக்குப் பின்னால கெடந்த சுண்ணாம்பு அடிச்ச கல்லப் பாத்து, ‘தோத்திரம் சாமி’ன்னு கும்பிட்டான். வெள்ளையா நின்னுச்சா, பங்குச்சாமின்னு நெனச்சிட்டான். அவன் கும்பிட்டு நிமுருததுக்குள்ள கோலு. பக்தி ஒரு குத்தமா தங்கச்சி?

ஒருநாள் காப்பி குடிக்கும்போது என் வீட்டுக்காரரு மெள்ள ஆரம்பிச்சாவ. “பிரகாசி, நம்ம கஸ்பாருக்குக் கண்ணு...”

“எனக்குத் தெரியாதாங்கும்?”னேன். ஊருக் கண்ணு பூரா அவன் மேலதான! அன்னைக்கே அவன உக்கார வச்சு, உப்பும் மொளகா வத்தலும் எடுத்து, மூணு சுத்து சுத்தி அடுப்புல போட்டேன். வெடிச்ச வெடியில பயலுக்குக் கண்ணீரா ஊத்துது. “பாத்தீயளா, எம்புட்டுக் கண்ணு!”ன்னேன். அவுக டம்ளர எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாவ. ஒரு விசயத்துல கூடமாட நிக்க மாட்டாவ.

கஸ்பார கோல்ல நிறுத்துனதே நான்தான்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. ஆறு வருசம் முன்ன, எந்தம்பிய நிறுத்தாட்டி சோறு திங்க மாட்டேன்னு ரெண்டு நாள் படுத்துக் கெடந்தேன். வாஸ்தவம். ஆனா அது குடும்ப விசயம். டீம் விசயத்துல நான் தலையிட்டதே கெடையாது.

சரி, கதைக்கு வாறேன். ஏழாவது மேட்சு தோத்த மறுநாள் காலையில, ஏலக்கூடத்துல மீன் ஏலம் முடிஞ்சதும் கூட்டம் போட்டோம். தலைவரு இஞ்ஞாசி அண்ணன். வள்ளத்துக்குச் சொந்தக்காரரு, ஏலம் விடுததும் அவருதான். என் வீட்டுக்காரரும் வந்து, ஐஸ் பெட்டியக் கவுத்திப் போட்டு அதுமேல உக்காந்திருக்காவ. கையில நான் வாங்கிக் குடுத்த டீ.

ஆளாளுக்குப் பேசுதான். தார்சிஸ் டெய்லரு, “செண்டர் பார்வர்டு மிராண்டாவுக்கு நாப்பத்தி நாலு வயசு, முட்டி மடங்க மாட்டேங்கு, அவன மாத்தணும்”னான். மிராண்டா பொண்டாட்டிக்கு வந்ததே கோவம். “மடங்காட்டா ஒனக்கு என்னவே? பந்து உருளுதா இல்லியா?”ன்னா. இன்னொருத்தன், “லெப்ட்ல ஆடுதவன் ரைட்டுப் பக்கமே வர மாட்டேங்கான்”னான். “லெப்ட்லதான அவன் வீடு, பந்து கெடச்சா வீட்டப் பாத்து ஓடிருதான்”னு பக்கத்துல உள்ளவன் வெளக்கம் சொல்லுதான். கோல் போஸ்ட்ட கோயிலுக்கு முதுகு காட்டி நட்டதுதான் எல்லாத்துக்கும் காரணம்னு ஒருத்தன். கஸ்பாரப் பத்திப் பேச ஒருத்தன் வாயத் தொறந்தான். நான் திரும்பிப் பாத்தேன். மூடிக்கிட்டான்.

கடைசியில நான் எந்திரிச்சேன். “பிளேயரக் கொற சொல்லி என்னத்துக்கு? எதிராளிய கோல் பக்கம் வரவிடாம ஆட வைக்கணும். அது கோச்சு வேல. கோச்ச மாத்தணும்”னேன்.

நண்டு கூடைக்குள்ள பிராண்டுத சத்தம் கேக்கு.

“ஏ பிரகாசி, மாஸ்டரு ஒன் வீட்டுக்காரருல்லா?”ன்னாரு இஞ்ஞாசி அண்ணன்.

“வீடு வேற, கிரவுண்டு வேற அண்ணே. ஓட்டெடுங்க.”

இஞ்ஞாசி அண்ணனுக்கு ஏலம் விட்ட வாயி, வேற மாதிரி பேசவே வராது. “தொபியாஸ் மாஸ்டர நீக்கதுக்கு ஒருதரம்! தொபியாஸ் மாஸ்டர நீக்கதுக்கு ரெண்டுதரம்!”னு ஆரம்பிச்சிட்டாரு. கொல்லத்துலேருந்து வண்டி கொண்டாந்த வியாபாரி ஒருத்தரு அப்பதான் உள்ள வாராரு. மாஸ்டருன்னா ஏதோ புது மீன்னு நெனச்சு, “எத்தர கிலோ உண்டு?”ன்னு கேக்காரு. அவர ஒருவழியா வெளிய அனுப்பிட்டுக் கைய எண்ணுனா, நீக்கணும்னு பதினாறு, வேண்டாம்னு பதினஞ்சு. அந்தப் பதினாறாவது கை யாருதுங்க? ஐஸ் பெட்டி மேல இருந்தாவல்லா, அவுகளுது.

மூணுதரம்னதும் டீயக் குடிச்சு முடிச்சாவ. “போவமா பிரகாசி, வெயில் ஏறிட்டு”ன்னாவ. மொபெட்டுல பின்னால ஏறி வீட்டுக்கு வந்துட்டேன். மத்தியானம் சாளக் கொழம்பு வச்சேன், ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாவ. ஒரு வருத்தமும் இல்ல. நான் சொல்லுதது சரிதான்னு அவுகளுக்கே தெரியும்.

அதுக்குப் பெறவு கோச்சு வேண்டாம், நம்ம ஆளுவளே பாத்துக்கிடுவோம்னு கமிட்டி போட்டோம். மொத்தம் பத்தொம்பது பேரு. நானும் உண்டு. எட்டாவது மேட்சுல மிராண்டாவ வெளிய எடுக்கலாமான்னு ஓட்டெடுத்தோம். எண்ணி முடிக்கதுக்குள்ள ரெண்டு கோலு விழுந்துட்டு. எண்ணுனது தப்புன்னு தார்சிஸ் மறுபடி எண்ணச் சொன்னான், அதுக்குள்ள இன்னொண்ணு. ஒம்பதாவது மேட்சுல யாரு மனசும் நோவக் கூடாதுன்னு எல்லாரு சொன்ன ஆளையும் எறக்குனோம். பதிமூணு பேரு எறங்கிட்டான். பாதி ஆட்டத்துலதான் ரெபரி எண்ணிப் பாத்தாரு. பதிமூணு பேரு ஆடும்போதே நாலு கோலு வாங்கியிருந்தோம் பாத்துக்கோ. பத்தாவது மேட்ச விடு, அத நெனச்சா எனக்கு இன்னும் நெஞ்சு எரியும்.

இதுக்கு நடுவுல கீழத்துறைக்காரனுவ வந்து என் வீட்டுக்காரரக் கோச்சாக் கூப்பிட்டானுவ. கீழத்துறைக்கும் எங்களுக்கும் ஆவாது. அவனுவளும் ஜெயிக்கல, ஆனா ரெண்டு டிரா வச்சிருந்தானுவ. “போயிட்டு வரட்டா?”ன்னு எங்கிட்ட கேட்டாவ. “போங்க”ன்னேன். தெனம் தூக்குச் சட்டியில சோறு கட்டிக் குடுத்தேன். எதிரி டீம் கோச்சுன்னா பசிக்காதா?

இப்ப கணக்கக் கேளு. கடைசி மேட்சு எங்களுக்கும் கீழத்துறைக்கும், அவனுவ கிரவுண்டுல. அவனுவளுக்கு ரெண்டு பாயிண்டு, எங்களுக்கு முட்ட. நாங்க ஜெயிச்சா மூணு வந்துரும், அவனுவ பி டிவிசன். இல்லாட்டா நாங்க.

நான் சும்மா இருப்பனா? அந்த வாரம் புதங்கெழம அவுக சட்டயத் தொவைக்க எடுத்தேன். தொவைக்கத்தான் எடுத்தேன். பையில ஒரு துண்டுச் சீட்டு. அவுக கையெழுத்து. மூணே வார்த்த. ‘வியாழன், கஸ்பார், கண்ணாடி.’

யோசிச்சுப் பாரு. சாயங்காலம் நாலு மணி, மேக்க வெயிலு. கீழத்துறைக்காரன் மொகம் பாக்க கண்ணாடியக் கொண்டாந்து வெயில்ல காட்டி, எந்தம்பி கண்ணக் கூச வைக்கப் போறான்! அதுக்கு வியாழக்கெழம ஒத்திக!

அவுகட்ட ஒண்ணும் கேக்கல. வீடு வேற. நேரா ஏலக்கூடத்துக்குப் போயி இஞ்ஞாசி அண்ணன்ட்ட சீட்டக் காட்டுனேன். அவரு வாசிச்சிட்டு நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. “மாஸ்டரா இப்படி! சரி, அவன் கண்ணாடி கொண்டாந்தா நாம கொண்டாரக் கூடாதா? ஊர்ல உள்ள அத்தன கண்ணாடியும் ஞாயித்துக்கெழம கீழத்துறைக்கு வரணும்.”

வியாழக்கெழம கஸ்பார் ஊர்ல இல்ல. தூத்துக்குடிக்குப் போயிருக்கான்னாவ. சாயங்காலம் வந்தான், கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கான், தண்ணி வடியுது. “என்னடா?”ன்னேன். “ஒண்ணுல்லக்கா, வெயிலு”ன்னான். செஞ்சிட்டானுவ பாரு, எந்தம்பியவே பிடிச்சுக் கொண்டுபோயி ஒத்திக பாத்துட்டானுவன்னு எனக்கு அழுகையே வந்துட்டு.

ஞாயித்துக்கெழம ரெண்டு வேன் நெறைய ஆளும் கண்ணாடியும். தார்சிஸ் டெய்லரு கடையில ஆளு ஒசரத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு, அத மூணு பேரு தூக்கிட்டு வாரான். இஞ்ஞாசி அண்ணன் பீரோக் கதவையே கழத்திக் கொண்டாந்துட்டாரு, உள்பக்கம் அவரு சம்சாரத்தோட சேலை ஒண்ணு தொங்கிக்கிட்டே வருது. நான் வீட்டுல கெடந்த சவரக் கண்ணாடிய எடுத்துக்கிட்டேன்.

கடல் பக்கமா மேக்கப் பாத்து வரிசையா நின்னோம். எதுத்தாப்புல கீழத்துறைக்காரனுவ நிக்கான். அவனுவ ஒருத்தன் கையிலயும் கண்ணாடி இல்ல. எங்களப் பாத்து முழிக்கான். நடிப்பு பாருன்னு நெனச்சேன். என் வீட்டுக்காரரு கோட்டு ஓரமா நிக்காவ. ஒரு கன்னம் மழுமழுன்னு இருக்கு, மறு கன்னத்துல நாலு நாள் தாடி. பாதி சவரத்துல கண்ணாடிய நான் எடுத்துட்டு வந்துட்டேன் போல. இருந்தாலும் ஒரு கோச்சு இப்படியா கிரவுண்டுக்கு வாறது? ஊரே பாக்கும்லா?

கோல்ல பாத்தா வேற எவனோ நிக்கான். மொகத்துல பெரிய கண்ணாடி, எலாஸ்டிக் போட்டுப் பின்னந்தலையில கட்டியிருக்கு. “யாருவே இவன்?”ன்னேன். “ஒந்தம்பிதான்”னான் தார்சிஸ். எனக்கு உச்சி குளுந்துட்டு. கண்ணாடிக்குக் கண்ணாடி! அவன் கூசவைக்கப் பாத்தா இவன் தடுப்புப் போட்டு வந்துட்டான். எந்தம்பி மூளையே மூள!

ரெபரி விசில் ஊதுனாரு. நாங்க நாப்பது கண்ணாடியையும் தூக்குனோம். கிரவுண்டு பூரா வெளிச்சம் தவ்வுது. எவன் கண்ணுல அடிக்குன்னு எங்களுக்கே தெரியல. மிராண்டா தன்னந்தனியா கோலுக்கு முன்னால நின்னு, கண்ணக் கசக்கிக்கிட்டு கொடிக்கம்பத்தப் பாத்து ஒதைக்கான். ரெபரி கையால மொகத்த மறைச்சுக்கிட்டு, “யம்மா, அதக் கீழ போடுங்கம்மா!”ன்னு கெஞ்சுதாரு. “மொதல்ல அவனுவளப் போடச் சொல்லுங்க”ன்னோம். “அவங்ககிட்ட ஒண்ணும் இல்லியேம்மா!”ங்காரு. ஆட்டத்தையே நிறுத்திருவேன்னு சொன்ன பெறவுதான் எறக்குனோம்.

ஆனா தார்சிஸோட பெரிய கண்ணாடிய எங்க வைக்க? கோட்டு ஓரமா நிமுத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னானுவ. ரெண்டாவது பாதியில கீழத்துறையில பேக் ஆடுதவன் பந்தோட வாரான். பக்கவாட்டுல அவன் டீம் சட்டையோட ஒருத்தன் கூடவே ஓடி வாரான். தன் ஆளுன்னு பந்த அவனுக்குத் தள்ளிட்டான். அது கண்ணாடிக்குள்ள ஓடுன அவனேதான்! பந்து வெளிய போயி, கண்ணாடி படார்னு ஒடஞ்சு, அவன் தன்னையே காணோம்னு தேடிக்கிட்டு நிக்கான். எங்க ஆளு சட்டுனு த்ரோ போட்டான். மிராண்டா திரும்பப் போயி தடுக்கி விழுந்தான். விழுந்தவன் முட்டியில பட்டுப் பந்து உள்ள போயிட்டு. மடங்காத முட்டிதான் பாத்துக்கோ. ஒண்ணுக்குச் சைபரு!

அதுலேருந்து கீழத்துறைக்காரன் வெறி பிடிச்சு வாரான். கஸ்பாரு பந்தப் பிடிக்கான் தங்கச்சி. பந்தையே பிடிக்கான்! வலப்பக்கம் வந்தா வலப்பக்கம் பாயுதான். மேல வந்தா மேல எவ்வுதான். பக்கத்துல ஒரு கொக்கு பறக்கு, அதத் திரும்பிக்கூடப் பாக்கல. எங்க ஊரே வாயப் பொளந்து நிக்கு. கமிட்டி போட்டதோட பலன் இப்பதான் தெரியுதுன்னு நான் பக்கத்துல சொன்னேன்.

முடிய ரெண்டு நிமிசம் இருக்கும்போது அவனுவளுக்குப் பெனால்டி. அடிக்க வந்தவன் அவனுவ கேப்டன், மாடு மாதிரி இருப்பான். நான் செபமால எடுத்துட்டேன். தற்செயலா எதுத்தாப்புல பாத்தா, என் வீட்டுக்காரரு உள்ளங்கைய ரெண்டையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு, ஒதைக்கப் போற ஆளப் பாக்காம கஸ்பாரையே பாத்துக்கிட்டு நிக்காவ. ஒதச்சான். எடப்பக்கம், தாழ, நல்ல வேகம். எந்தம்பி அங்கன கெடந்தான். பந்து அவன் நெஞ்சுல கெடந்துச்சு.

என் வீட்டுக்காரரு ரெண்டு கையையும் தூக்கிக் குதிச்சாவ! கீழத்துறைக் கோச்சு, கீழத்துறை கோல் போகாததுக்குக் குதிக்காவ! அவனுவ அத்தன பேரும் திரும்பிப் பாத்தானுவ. அவுக மெள்ளக் கைய எறக்கி, தாடி இல்லாத கன்னத்தத் தடவிக்கிட்டாவ. ஆட்டம் முடிஞ்சு பத்து நிமிசத்துல அங்கனயே ஓட்டெடுத்து நீக்கிட்டானுவ. ஒரே சீசன்ல ரெண்டு டீமு. இந்தத் தடவ நீக்கணும்னு அத்தன கையும் ஏறிட்டு, அவுக கையும் சேத்து.

நான் கிரவுண்டுக்குள்ள ஓடி கஸ்பாரக் கட்டிப் பிடிச்சேன். அவன் என்னய வெலக்கி நிறுத்தி, மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கான்.

“யக்கா.”

“என்னடா?”

“ஒனக்கு எப்பக்கா இம்புட்டு முடி நரச்சுது?”

“அது ஆச்சுடா அஞ்சாறு வருசம்.”

“எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே”ன்னான். வெளாட்டுக்குச் சொல்லல. கண்ணாடிக்குள்ள கண்ணு நெறஞ்சு நிக்கு.

என் வீட்டுக்காரரு பின்னால வந்து நின்னாவ. நான் திரும்பி, “இவனுக்குக் கண்ணு தெரியாதா?”ன்னேன்.

“தெரியாது.”

“எத்தன வருசமா?”

“கோல்ல நிறுத்துன நாள்லேருந்து. அவன் ஒனக்குத் தெரியக் கூடாதுன்னான். ஒன் மனசு சங்கடப்படும்னு. வியாழக்கெழம நான்தான் தூத்துக்குடி கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்.”

“எதிரி டீமுல இருந்துக்கிட்டா?”

“ஒரு ஆட்டத்துலயாவது அவன் பந்தப் பாக்கட்டும்னுதான்.”

“இத எங்கிட்ட சொல்லதுக்கென்ன?”

“சொன்னேன் பிள்ள.”

“சத்தமாச் சொல்லணும்லா!”ன்னேன். நியாயந்தான தங்கச்சி? பதினோரு பேர ஆட்டிவைக்க வேண்டிய மனுசன், பொண்டாட்டிட்ட ஒரு வார்த்த சத்தமாச் சொல்லக் கூடாதா?

நாளைக்கு ஏலக்கூடத்துல திரும்பக் கூட்டம். மாஸ்டரையே மறுபடி கோச்சாப் போடணுமாம். நான் எதிர்ப்புத்தான். கமிட்டி வந்துதான ஜெயிச்சோம்? ஜெயிச்ச டீம எவனாவது மாத்துவானா? அவுகட்டயும் சொல்லிட்டேன், சரின்னுட்டாவ.

ஆனா அன்னைக்கு வாற வழியில ஒண்ணு நடந்துச்சு. மொபெட்டுல மூணு பேரும் வாறோம். அவுக ஓட்டுதாவ, நடுவுல கஸ்பார், கடைசியில நான். பய வழியெல்லாம் போர்டு வாசிச்சுக்கிட்டே வாரான். ‘சைக்கிள் பழுது பார்க்கப்படும்.’ ‘நாய் ஜாக்கிரதை.’ ‘இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்.’ ஒண்ணு விடல. எங்க ஊரு வளைவு வந்ததும், “அத்தான், நிறுத்துங்க”ன்னு எறங்கிட்டான். ‘செபஸ்தியார்பட்டினம் தங்களை அன்புடன் வரவேற்கிறது’ன்னு சிமிண்டுல எழுதியிருக்கும். நாலு வருசம் முன்ன கட்டுனது.

எழுத்து எழுத்தா ரெண்டு தடவ வாசிச்சான். அப்பறம், “யக்கா, அன்புடன்ல புள்ளி இல்ல. ‘அனபுடன்’னு இருக்கு”ன்னான்.

நானும் எறங்கிப் பாத்தேன். புள்ளி இல்ல தங்கச்சி. வச்ச அடையாளமே இல்ல. நாலு வருசமா தெனம் காலையில மீன் சட்டியோட அதுக்கு அடியிலதான் போறேன், அதுக்கு அடியிலதான் வாறேன்.